சிவப்புக் குழாயைத் திற என்று சொன்னவன் நான்

அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் மூன்று ஷட்டர் வைத்த ஏசி ஒர்க்ஷாப். அதற்குப் பின்னால் என் ஆட்கள் பதினோரு பேர் தங்குகிற ரூம்கள்; ஒவ்வொன்றிலும் நானே என் கையால் மாட்டிய ஏசி. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு மாடி வீடு. மொட்டை மாடியில் ஏறினால் உப்பளம் தெரியும். இரண்டு பெண் மக்கள், இரண்டு பேரும் இன்ஜினியர். அரபியிடம் அரபியிலும் பட்டாணியிடம் உருதுவிலும் மலையாளியிடம் மலையாளத்திலும் சண்டை போட்டு ஜெயிக்கிற ஒரு வாய். இவ்வளவையும் கட்டியவன் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கை கொடுத்துத் தூக்கிவிட ஒருவரும் கிடையாது. எல்லாம் இந்த இரண்டு கைதான்.

கட்டியதில் இன்னொன்றும் உண்டு. அபுதாபியில் இங்கிலீஷ்காரர்கள் வீட்டுக் குளியலறைகளில், வெயில் காலத்தில், குளிர்ந்த தண்ணீர் வரவைத்தவன் நான். மற்றதெல்லாம் எழுதாவிட்டாலும் ஊருக்குத் தெரியும். இதை எழுதினால்தான் தெரியும். அதனால் எழுதுகிறேன்.

இங்கிலீஷைப் பற்றி எனக்கு வெகுநாளாக ஓர் எண்ணம் இருந்தது. அது தெரிந்தவனுக்கு இந்த உலகத்தில் பூட்டிய கதவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பேங்கில் பாரத்தை நீட்டும்போதும், டாக்டர் மாத்திரைச் சீட்டைக் கொடுக்கும்போதும், நான் பார்த்துக்கொண்டு நின்றது இங்கிலீஷ் படித்தவர்களின் முகத்தைத்தான். அவர்களுக்கு என்ன குறை? அப்படியிருக்க, புதிதாக வந்து இறங்குகிற இங்கிலீஷ்காரர்களுக்கு உதவி செய்ய அபுதாபியில் ஒரு கூட்டம் இருக்கிறது என்று கேட்டபோது, என்னால் நம்ப முடியவில்லை.

சொன்னது என் ஃபோர்மேன். திருச்செந்தூர்க்காரன், என்னிடம் இருபது வருடமாக இருக்கிறான்.

"அண்ணாச்சி, சனிக்கெழம ஒரு ஹால்ல ஏசி வேல இருக்கு. இங்கிலீஸ்காரவங்களுக்கு ஒத்தாச பண்ணுத சங்கமாம்."

"இங்கிலீஸ்காரன்தாம்ல ஒத்தாச பண்ணுவான். அவனுக்கு என்னல ஒத்தாச?"

"எனக்கென்ன தெரியும்? தண்ணி சொட்டுதாம். ஆள அனுப்பவா?"

"வேண்டாம். நானே போறேன்."

ஃபோர்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் ஏணி ஏறி நெடுநாளாயிற்று. ஆனால் இதைப் பார்க்காமல் விடக்கூடாது என்று தோன்றியது.

ஆகஸ்ட் மாதம். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் புது வாத்தியார்கள் வந்து இறங்குகிற சமயம். ஹாலுக்குள் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். எல்லோர் நெஞ்சிலும் பெயர் எழுதிய ஒட்டுச்சீட்டு. ஒரு மேஜை நிறைய கேக். உதவி செய்கிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அதிகமும் பெண்கள். சம்பளம் கிடையாது, கமிஷன் கிடையாது. நடத்துகிறவர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் இங்கிலீஷ் அம்மாள்; ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரைப் பெரிய மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் இங்கிலீஷில் பேசியதை என் காதில் விழுந்த மாதிரி தமிழில் எழுதுகிறேன். விழாததை விட்டுவிடுகிறேன்.

ஏசியில் கோளாறு ஒன்றும் பெரிதில்லை. வடிகுழாய் அடைத்திருந்தது. பத்து நிமிட வேலை. ஆனால் நான் அந்த ஃபில்டரைக் கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றி, ஒரு மணி நேரம் ஏணியிலேயே நின்றேன். கீழே நடப்பது அப்படி இருந்தது.

இங்கிலீஷ் தெரிந்தவர்கள் கேட்ட கேள்விகளைக் கேளுங்கள். டாக்ஸிக்காரனிடம் வீட்டு விலாசத்தைச் சொன்னால் அவன் ஏன் எந்தக் கடைக்குப் பின்னால் என்று கேட்கிறான்? வாட்ச்மேனிடம் நாளைக்கு பிளம்பர் வருவாரா என்றால் 'இன்ஷா அல்லா' என்கிறான், அதற்கு வருவார் என்று அர்த்தமா, வரமாட்டார் என்று அர்த்தமா? ஒரு நெட்டை வாத்தியார் எழுந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "நம்ம கட்டடத்துல வேலை செய்யறவங்க தலையை இப்படி இப்படி ஆட்டறாங்களே, அது ஆமாவா இல்லையா?"

அவர் ஆட்டிக் காட்டியதைப் பார்த்து நானும் மேலே இருந்து என்னை அறியாமல் ஆட்டிவிட்டேன். பெரிய மேடம் என்னைக் கையால் காட்டி, "அதோ, அது ஆமா," என்றார். நாற்பது பேரும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஏணியில் நிற்கும்போதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கை கொடுத்துத் தூக்கிவிட ஒருவரும் இல்லை என்று மேலே எழுதினேன் அல்லவா? அது முழு நிஜம் இல்லை. நான் வந்து இறங்கிய அன்று, ரூமில் முன்னால் வந்திருந்தவன் ஒரு வாளியும் ஒரு பாயும் கொடுத்தான். எந்த பஸ், எந்த வரிசை, சூப்பர்வைசர் 'யல்லா' என்றால் ஓடு, 'கலாஸ்' என்றால் நிறுத்து என்று சொல்லிக்கொடுத்தான். அவனுக்கு நெஞ்சில் ஒட்டுச்சீட்டு இல்லை, கேக்கும் இல்லை. மற்றபடி அதுவும் இதே வேலைதான். இவர்களுக்கு அப்படி ஒரு ரூம் இல்லை. ஆளுக்கொரு ஃபிளாட்டில் தனித்தனியாக வந்து இறங்குகிறார்கள். பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. அதனால்தான் ஹாலை வாடகைக்குப் பிடித்து ரூமை உண்டாக்குகிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. என் ஏணிக்குக் கீழேயே ஓர் இளம் டீச்சர், ஸ்காட்லாந்துக்காரி, பெரிய மேடத்திடம் பேசிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அப்பா இன்னிக்கும் குளிக்கலை. அஞ்சு நாளாச்சு."

"ஐஸ் போட்டுப் பார்த்தியா?"

"ஆறு பை போட்டேன். அவர் உள்ளே போய்ப் பார்த்துட்டு, நான் என்ன மீனான்னு கேட்டுட்டு வெளியே வந்துட்டார்."

"எட்டு பையா போட்டுப் பாரேன்."

"வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் எடுத்துட்டார். அவர் போனா நானும் போகணும். அங்கே அவரைத் தனியா விட முடியாது. போன தடவை படியில விழுந்து ஒரு நாள் பூரா கிடந்தார்."

வேலைக்குச் சேர்ந்து பள்ளிக்கூடம் கூடத் திறக்கவில்லை. அதற்குள் போவதென்றால், அந்தப் பெண்ணுக்கு அந்த வேலை போயிற்று, வந்த வழியும் போயிற்று. இவ்வளவும் எதற்காக? குளிர்ந்த தண்ணீருக்காக. நான் ஏணியில் இருந்து இறங்கிவிட்டேன்.

"மேடம், ஒய் ஐஸ்?" என்றேன்.

பெரிய மேடம் விளக்கினார். பாவம், குழாயில் வருவதெல்லாம் வெந்நீர். கிழவர் கப்பல் இன்ஜின் மெக்கானிக்காக இருந்தவர், வாழ்நாள் முழுக்கக் காலையில் பச்சைத்தண்ணீரில் குளித்தவர். வாட்ச்மேனிடம் சொன்னால் 'சம்மர் மேடம், சேம் சேம்' என்கிறான். அதனால் ஐஸ்.

இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தவர் பெரிய மேடம். அவருக்கே தெரியவில்லை! எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. பிறகுதான் புரிந்தது: அவர் வீடு பெரிய வில்லா. மேல்தொட்டிக்கே குளிர்விக்கிற மெஷின் வைத்திருக்கிறது. இப்போது அதற்கு சர்வீஸ் செய்கிறவனே நான்தான். குழாயைத் திறந்தால் சுடுவதை அந்த அம்மாள் தன் வீட்டில் கண்டதே இல்லை. கூட்டத்தில் உதவி செய்கிற மற்றவர்களும் அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள்தான். புதிதாக வருகிற டீச்சர்களுக்கோ பள்ளிக்கூடம் கொடுப்பது டவுனுக்குள் பழைய கட்டடம். பழையவர்களுக்குத் தேவை இல்லாததால் தெரியவில்லை, தேவைப்பட்ட புதியவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

"நோ ஐஸ்," என்றேன். "ஐஸ் கலாஸ். மண்டே ஐ கம்."

அபுதாபியில் நாங்கள் குடியிருக்கிற வீட்டில் சொன்னேன். என் மனைவி மீனைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இங்கிலீஸ்காரி வீட்டுக்கு வெந்நீ சரிபண்ணப் போறீயளாக்கும். நம்ம கிச்சன் குழா ரெண்டு மாசமா ஒழுகுது. அது சங்கத்துல சேந்தாத்தான் சரியாகுமோ?"

"அந்தப் பொண்ணு வேலைய விட்டுட்டுப் போவப் போவுதுட்டி."

"ஹீட்டர ஆப் பண்ணச் சொன்னா முடிஞ்சு போச்சு. இதுக்கு எதுக்கு நேர்ல போணும்?"

அதுதான் விஷயம். வளைகுடாவில் பழைய கட்டடத்தில் குடியிருக்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மேல்தொட்டி வெயிலில் கிடக்கிறது, அதனால் பச்சைத்தண்ணீர்க் குழாயில் கொதிக்கிற தண்ணீர் வருகிறது. ஹீட்டரோ வீட்டுக்குள், குளியலறைக் கூரைக்குள், ஏசிக் குளிரில் இருக்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டால், அதன் தொட்டியில் நிற்கிற தண்ணீர் மெல்ல ஆறிப் போகும். மே மாதம் வந்தால் ஹீட்டரை அணைத்து, சிவப்புக் குறி போட்ட வெந்நீர்க் குழாயைத் திறந்து குளிப்போம். யாரும் யாருக்கும் எழுதி வைத்ததில்லை. வாளியோடும் பாயோடும் சேர்ந்து கிடைக்கிற அறிவு அது.

திங்கட்கிழமை போனேன். நாலாவது மாடி. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, கட்டி வைத்தது. அதைச் சுற்றிக் கயிறு போட்டிருந்த முடிச்சைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. எங்கள் ஊர் வள்ளத்தில் போடுகிற முடிச்சு மாதிரி, இழுக்க இழுக்க இறுகுகிறது. கிழவர் சோபாவில் ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். வயது என் வயதுதான் இருக்கும். வணக்கம் சொன்னேன். அவர் ஏதோ சொன்னார். இங்கிலீஷ்தான், ஆனால் ஒரு வார்த்தை எனக்குப் பிடிபடவில்லை. பெரிய மேடமும் கூட வந்திருந்தார். அவர் பக்கம் திரும்பினேன். அவர் தோளைக் குலுக்கி, "எனக்கும் பாதிதான் புரியும்," என்றார். இங்கிலீஷுக்குள்ளேயே இப்படி ஒன்று இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

குளியல் தொட்டியில் ஐஸ் பைகள் உருகி மிதந்தன. நான் அதைப் பார்க்காத மாதிரி வெளியே வந்து, ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன். அதில் எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கு அணைந்தது. டீச்சரிடம் சொன்னேன்: "டுமாரோ மார்னிங், ரெட் டேப் ஓப்பன். ரெட் ஈஸ் கோல்ட். புளூ ஈஸ் ஹாட்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், பெரிய மேடத்தைப் பார்த்தாள். கிழவர் ஒரு சிரிப்புச் சிரித்தார். பைத்தியக்காரனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. நான் கண்டுகொள்ளவில்லை. நெஞ்சை நிமிர்த்தி இறங்கி வந்தேன்.

மறுநாள் காலையில் ஒர்க்ஷாப்பில் டீ கிளாஸைக் கையில் எடுத்தேன். பெரிய மேடத்தின் போன். "உங்க யோசனையால அவர் கை வெந்திருக்கும். நல்லவேளை, விரலை மட்டும் நீட்டிப் பார்த்தாராம்."

ஃபோர்மேன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். போனை வைத்ததும் ஆரம்பித்தான்.

"என்ன அண்ணாச்சி, வெள்ளக்காரர அவிச்சிட்டீயளாமே!"

"வாய மூடுல."

"இல்ல, மீன் கணக்கா ஐஸ்ல வச்சிருந்தாவ, நீங்க கொழம்பாக்கிட்டீய."

எனக்கு முகம் சுட்டது. என் வேலை திரும்பி வந்ததே இல்லை. முசஃபாவில் யாரையும் கேட்டுப் பாருங்கள். நான் தொட்ட மெஷின் அடுத்த நாளே புகார் என்று வந்த சரித்திரம் கிடையாது. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே போனேன்.

நடந்தது என்னவென்றால், டீச்சர் நல்ல மனசோடு செய்த காரியம். இரவு பாத்ரூம் பக்கம் போனவள், ஹீட்டரின் சிவப்பு விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். மெக்கானிக் தெரியாமல் கை பட்டு அணைத்துவிட்டுப் போய்விட்டான், பாவம், என்று நினைத்து, போட்டுவிட்டிருக்கிறாள். விளக்கு எரிந்தால் சரி, அணைந்தால் கோளாறு என்பதுதானே எல்லோருக்கும் பழக்கம்? நான் குழாயைச் சொன்னேன். சுவிட்சைச் சொல்லவில்லை. நமக்குத் தெரிந்தது அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்ற நினைப்பு. மேல்தொட்டிக்கு மெஷின் வைத்த பெரிய மேடத்தின் தவறும் என் தவறும் ஒன்றுதான். இதை நான் எங்கும் சொன்னதில்லை. எழுதுகிறபடியால் எழுதுகிறேன்.

கிழவர் என்னைக் கண்டதும் விரலை நீட்டிக் காட்டினார். பேசி என்ன ஆகும்? கையைப் பிடித்து எழுப்பி, வாங்க என்று சைகை காட்டி, லிஃப்டில் ஏற்றி, மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் பின்னால் ஓடி வந்தாள். காலையிலேயே கொளுத்துகிற வெயில். மாடியில் வரிசையாக ஃபைபர் தொட்டிகள். நான் ஒரு குழாயைக் காட்டி, தொடாதீர்கள் என்று கையாட்டினேன். அவர் தொட்டார். உடனே கையை எடுத்தார். பிறகு குழாய் போகிற வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போனார். தொட்டியில் இருந்து கீழே, சுவருக்குள். நான் தரையில் குந்தி, சுண்ணாம்புத் துண்டு ஒன்றால் படம் வரைந்தேன். மேலே தொட்டி. அதில் இருந்து ஒரு கோடு நேரே நீலக் குழாய்க்கு. இன்னொரு கோடு ஹீட்டருக்குள் போய், அங்கே தங்கி, சிவப்புக் குழாய்க்கு. ஹீட்டர் பக்கத்தில் ஏசி ஒன்றை வரைந்தேன். சுவிட்சை வரைந்து, குறுக்கே அடித்தேன்.

அவர் படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். இன்ஜின் ரூமில் வாழ்ந்த மனிதர். என் கையில் இருந்து சுண்ணாம்பை வாங்கி, ஹீட்டரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். ஒரே ஓர் ஆளுக்குத்தான் காணும், அப்புறம் மறுபடி சூடு வந்து நிரம்பும், அப்படித்தானே? நான் தலையை ஆட்டினேன். அவருக்கு அது ஆமா என்று தெரிந்துவிட்டது. அந்த வெயிலில் நின்று இரண்டு பேரும் சிரித்தோம். டீச்சர் முழித்துக்கொண்டு நின்றாள்.

சூட்டைக்கூட மனிதன் பொறுத்துக்கொள்வான். ஏன் என்று தெரியாமல் சுடுவதைத்தான் பொறுக்க முடியாது. அவருக்கு அதுவரை யாரும் காரணம் சொல்லவில்லை. ஐஸ்தான் கொடுத்தார்கள்.

கீழே வந்து, சுவிட்சை அணைத்தேன். இந்தத் தடவை சும்மா விடவில்லை. என் பையில் வயர் சுற்றுகிற டேப் எப்போதும் எல்லா நிறத்திலும் இருக்கும். சுவிட்சின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினேன். சிவப்புக் குழாயின் தலையில் நீல டேப்பைச் சுற்றினேன். நீலக் குழாயின் தலையில் சிவப்பு டேப். எழுத்து வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம், ஸ்காட்லாந்து வேண்டாம். பார்த்தால் புரியும். இந்த டேப் யோசனை உலகத்தில் யாருக்கும் தோன்றாதது. அதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை காலையில் டீச்சரே போன் செய்தாள்.

"எனக்குக் குளிக்கத் தண்ணி இல்லை!" என்றாள். போனைக் காதில் வைத்தபடியே வண்டிச் சாவியைத் தேடினேன். பிறகு பார்த்தால் சிரிக்கிறாள். "ஹீட்டர்ல இருந்த முழுத் தண்ணியையும் அப்பா காலி பண்ணிட்டார். அரை மணி நேரம் வெளியேவே வரலை."

"டிக்கெட்?" என்றேன்.

"தெரியலை. ஆனா கைப்பையில கட்டி வச்சிருந்த சவரப் பெட்டியை எடுத்து வெளியே வச்சிருக்கார்."

வெள்ளிக்கிழமை விமானம் போயிற்று. அவர் போகவில்லை. இருக்கிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. அடுத்த வாரம் போகிறேன் என்றார், அப்புறம் வெயில் குறையட்டும் என்றார். பெட்டியின் கயிறு மட்டும் ரொம்ப நாள் அவிழ்க்காமலே இருந்தது என்று டீச்சர் சொன்னாள். ஒரு நாள் துணி காயப்போடக் கொடி கட்ட வேண்டும் என்று அவரே அவிழ்த்து எடுத்தாராம்.

அடுத்த கூட்டத்துக்கு என்னை விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். நான் ஏணி இல்லாமல் போனேன். எல்லோரும் கை தட்டினார்கள். பெரிய மேடம் என் பெயரை ஒட்டுச்சீட்டில் எழுதி நெஞ்சில் ஒட்டிவிட்டார். வீட்டுச் சாமான் கோளாறுகளுக்கு நீங்கள்தான் இனி எங்கள் ஆள் என்று ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டார்கள். கேஸ் அடுப்பு ஏன் பற்றவில்லை, பல்லி கடிக்குமா, ஏசியில் இருந்து ஏன் நாற்றம் வருகிறது என்று வரிசையில் நின்று கேட்டார்கள். பி.ஏ., எம்.ஏ. படித்தவர்கள், என் முன்னால், வரிசையில்.

ஒட்டுச்சீட்டோடு ஒர்க்ஷாப்புக்குத் திரும்பினேன். ஃபோர்மேன் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, ரேட்டு ஒட்டி வச்சிருக்கு? வித்துட்டாவளா?" என்றான். இருந்தாலும் அன்று சாயங்காலம் வரை நான் அதை எடுக்கவில்லை.

அன்று கூட்டத்திலேயே, முதல் தடவை பார்த்ததில் இருந்து மனதில் இருந்த கேள்வியைப் பெரிய மேடத்திடம் கேட்டேன். சம்பளம் இல்லை, ஹால் வாடகையும் கையில் இருந்து, எதற்காக இதைச் செய்கிறீர்கள்? தர்மம், புண்ணியம் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் கேக்கை வெட்டிக்கொண்டே சொன்னார். "பள்ளிக்கூடத்துல இருந்தப்போ ஒரு நாளைக்கு நூறு பேர் என்கிட்ட வந்து கேப்பாங்க. ஓய்வு பெற்றதும் ஒருத்தரும் எதுவும் கேக்கலை. எனக்கு எல்லாம் தெரியும், கேக்கத்தான் ஆள் இல்லை."

அந்த அம்மாளை எனக்கு அன்றைக்குத்தான் பிடித்துப்போயிற்று. மனிதன் சோறு இல்லாமல்கூட இரண்டு நாள் இருந்துவிடுவான். நம்மிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்றால் இருப்பது கஷ்டம்.

அந்த வருடம் எட்டு வீட்டில் டேப் ஒட்டினோம். கிழவர்தான் என்னோடு வந்தார். இரண்டாவது வீட்டுக்கு அப்புறம் நான் போகவேண்டியிருக்கவில்லை. அவரே டேப்பை எடுத்துக்கொண்டு போய், சுண்ணாம்பால் படம் வரைந்து காட்டி, ஒட்டிவிட்டு வந்தார். அவர் பேசுவது புரியாதவர்களுக்கும் படம் புரிந்தது.

நவம்பர் கடைசியில் குளிர் வந்தது. ஒரு காலையில் என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு வீட்டிலும் ஐஸ் மாதிரி தண்ணீர். எல்லோரும் ஒட்டிய டேப்பை வேதவாக்காக நம்பி, குளிர்காலத்திலும் சுவிட்சைத் தொடாமல் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நம் ஆட்களில் ஒருவராவது இப்படி இருப்பாரா? குளிர் வந்தால் ஹீட்டரைப் போடு என்று அதற்கும் ஒருவர் சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டியிருந்தது. கிழவர் ஒரே நாளில் எட்டு வீட்டுக்கும் போய், டேப்பைப் பிரித்து, சுவிட்சைப் போட்டார். அவருக்கு மட்டும் ஹீட்டர் தேவைப்படவில்லை.

அதில் இருந்து அது அவருடைய உத்தியோகம் ஆகிவிட்டது. மே மாதம் ஒட்டுவது, நவம்பரில் பிரிப்பது, ஆகஸ்டில் புதிதாக வந்தவர்களுக்கு ஒட்டுவது. இப்போது கூட்டத்தார் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற உறையில், பஸ் மேப், ஆஸ்பத்திரி நம்பர்களோடு, சிவப்பு டேப் ஒரு துண்டும் நீல டேப் ஒரு துண்டும் சுவிட்சுக்குக் கறுப்பு டேப் ஒரு துண்டும் வைத்துக் கொடுக்கிறார்கள். டேப் என் ஒர்க்ஷாப்பில் இருந்து போகிறது. அந்த டீச்சர் இப்போது அதே பள்ளியில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். கிழவருக்கு அவள் இங்கேயே தங்க விசா எடுத்துவிட்டாள். வாரம் ஒருமுறை முசஃபாவுக்கு வந்து, என் ஒர்க்ஷாப் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கம்பிரஷர் சத்தத்தை வைத்தே இன்னதில் கோளாறு என்று விரலால் காட்டுவார். பாதி சரியாக இருக்கும்.

சரி, இவ்வளவும் எதற்கு எழுதினேன்?

இந்த வருடம் கூட்டத்தார் தங்கள் புத்தகத்தைப் புதிதாக அச்சடித்தார்கள். பளபளப்பான தாள், கலர் படம். புதிதாக வருகிறவர்களுக்கு வேண்டிய எல்லாம் அதில் இருக்கிறது. குளிக்கிற தண்ணீருக்கு என்று ஒரு முழுப் பக்கம். டேப் ஒட்டிய குழாயின் படம். அதற்குப் பக்கத்தில் கிழவரின் படம், சிரித்துக்கொண்டு, கையில் டேப். என் மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இந்த வழியைக் கண்டுபிடித்து நமக்குத் தந்தவர் என்று அவர் பெயர் போட்டிருக்கிறது. அதன் கீழே சின்ன எழுத்தில், 'உதவி: உள்ளூர் பழுதுபார்ப்பவர் ஒருவர்.'

ஒருவர்! மூன்று ஷட்டர் வைத்தவன் ஒருவர்!

மனைவியிடம் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள்.

"நல்லாத்தான போட்டுருக்காவ."

"என் பேரு எங்கட்டி?"

"நீங்க என்னத்தக் கண்டுபிடிச்சீய? மொத வெயில்ல பிள்ளையக் குளிப்பாட்ட முடியாம, ஹீட்டர ஆப் பண்ணிப் பாத்தது யாரு? நீங்க டூட்டிக்குப் போயிருந்தீய. சாயங்காலம் வந்து, எப்படிட்டி தண்ணி குளுந்துச்சுன்னு எங்கிட்ட கேட்டீய. மறந்து போச்சா?"

அது ஞாபகம் இருக்கிறது. ஆனால் அவள் கண்டுபிடித்தது எங்கள் வீட்டுக்குள்ளேயே நின்றது. டேப் ஒட்டியது யார்? மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனது யார்?

கிழவரிடமும் கேட்டுவிட்டேன். புத்தகத்தை நீட்டி, அவர் படத்தைத் தொட்டு, என் நெஞ்சைத் தொட்டேன். அவர் வெட்கப்பட்டு, பேனாவை எடுத்து, தன் பெயரை அடித்து என் பெயரை எழுதப் போனார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். அவர் பெயர் இருக்க வேண்டும். பெட்டியைக் கட்டி வைத்தவர் இன்றைக்கு ஊர் முழுக்கக் குழாய்க்கு டேப் ஒட்டிக்கொண்டு திரிகிறார் என்றால், அந்தப் பக்கத்தில் அவர் இருக்கத்தான் வேண்டும். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

ஆனால் என் பெயர் அதற்கு மேலே வரவேண்டும். பெரிய மேடத்திடம் போனில் சொல்லியிருக்கிறேன். அடுத்த அச்சில் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதும் 'இன்ஷா அல்லா' மாதிரி இரண்டு பக்கமும் ஆடுகிற வார்த்தை என்று எனக்குத் தெரியாதா? ஆகவே இதைப் படிக்கிற தமிழர்களில் யாராவது அந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்களாக இருந்தால், இங்கிலீஷில் எடுத்துச் சொல்லுங்கள். குளிக்கிற தண்ணீர்ப் பக்கம், முதல் வரி, பெரிய எழுத்து. முசஃபா ஏசி ஒர்க்ஷாப் முதலாளி என்று போட்டு, என் முழுப் பெயர், அப்பாவின் இனிஷியலோடு. ஹீட்டரை முதலில் அணைத்தவள் என்று என் மனைவி பெயரையும் இரண்டாவது வரியில் போடலாம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மூன்றாவது வரியில் கிழவர். 'ஒருவர்' என்ற வார்த்தை மட்டும் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இருக்கக்கூடாது.